செல்லில் இருப்பது எண்ணா, எழுத்தா, ஃபார்முலாவா? மேக்ரோவால் நிறம் பிரிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடுத்தவர் தயாரித்த ஷீட்களை வாங்கிப் பார்த்து, தப்பு எங்கே என்று தேடுவது என் அன்றாட வேலை. கோப்பைத் திறந்ததும் முதலில் செல்களுக்கு நிறம் போடும் மேக்ரோவைத்தான் (ஷீட்டில் வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) ஓட்டுவேன். அதைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலும் எக்செல் பற்றியவை. லிப்ரே ஆபிஸும் கூகுள் ஷீட்ஸும் கடைசிப் பக்கமாக வரும். கட்டளைப் பெயர்களை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

உள்ளடக்க வகை என்று எதைச் சொல்கிறீர்கள்?

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒன்று, செல்லில் இருப்பது கையால் தட்டியதா, ஃபார்முலா கணக்கிட்டதா? இன்னொன்று, அது எண்ணா, எழுத்தா, தேதியா, ட்ரூ/ஃபால்ஸா, பிழையா? ஃபார்முலாவின் விடையும் எண்ணாக இருக்கலாம், கையால் தட்டியதும் எண்ணாக இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே நிறம் கொடுத்தால் மேக்ரோ ஓடும், ஆனால் பயன் இருக்காது.

என்னைக் கேட்டால் முதல் கேள்விதான் முக்கியம். ஒருமுறை 240 வரிசை கொண்ட ஒரு ஷீட் வந்தது. ‘மொத்தம்’ நெடுவரிசை முழுக்க அளவையும் விகிதத்தையும் பெருக்கும் ஃபார்முலா. 137-ஆம் வரிசையில் மட்டும் யாரோ 4,500 என்று கையால் அடித்து வைத்திருந்தார்கள். எழுத்துரு, புள்ளி, வலது ஓர ஒழுங்கு எல்லாம் அச்சு அசல் பக்கத்துச் செல்களைப் போலவே. அளவை எவ்வளவு மாற்றினாலும் அந்த ஒரு செல் அசையவில்லை, அடியில் உள்ள கூட்டுத்தொகையும் அதற்கேற்பத் தப்பாகவே வந்துகொண்டிருந்தது. மேக்ரோவை ஓட்டினேன். கறுப்பு எண்களின் வரிசைக்கு நடுவே ஒரே ஒரு நீல எண். தேடவே வேண்டியிருக்கவில்லை.

எந்த வகைக்கு எந்த நிறம்?

நிதிக் கணக்குகளில் வெகுகாலமாகப் புழங்கும் வழக்கம் ஒன்று உண்டு. கையால் தட்டிய எண்ணுக்கு நீல எழுத்து, ஃபார்முலாவுக்குக் கறுப்பு, வேறு ஷீட்டிலிருந்து எடுப்பதற்குப் பச்சை, வேறு கோப்பிலிருந்து எடுப்பதற்குச் சிவப்பு. இது சட்டமல்ல, இடத்துக்கு இடம் சற்று மாறும். ஆனாலும் நீலம், கறுப்பு இரண்டையும் மாற்றாதீர்கள். பழகிய கண்கள் அதைத்தான் எதிர்பார்க்கும்.

இந்த வழக்கம் எழுத்தின் நிறத்தைப் பற்றியது, பின்னணி நிறத்தைப் பற்றியதல்ல. கையால் தட்டியதா, ஃபார்முலாவா என்பதற்கு எழுத்தின் நிறம், எண்–எழுத்து–தேதி என்ற வகைக்கு வெளிறிய பின்னணி என்று பிரித்துக்கொண்டால் இரண்டு தகவலும் ஒரே செல்லில் அடங்கிவிடும். அடர்ந்த மஞ்சளும் ரோஜாவும் அள்ளிப் பூசினால் அரைமணி நேரத்தில் தலை வலிக்கும். சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாதவர்களும் ஷீட்டைப் பார்ப்பார்கள் என்பதால், அந்த இரண்டை மட்டுமே நம்பி எதையும் பிரிக்காதீர்கள். வேறு கோப்பு இணைப்புக்கு நான் சாய்வெழுத்தும் சேர்த்துவிடுவேன்.

இதற்கு மேக்ரோ தேவைதானா?

பல நேரம் தேவையில்லை. ஒரு ஷீட்டை ஒருமுறை பார்க்க வேண்டுமென்றால் எஃப்5 தட்டி, ‘ஸ்பெஷல்’ பொத்தானை அழுத்தி, ‘கான்ஸ்டன்ட்ஸ்’ (கையால் தட்டியவை) அல்லது ‘ஃபார்முலாஸ்’ தேர்ந்தெடுங்கள். அந்த வகைச் செல்கள் மட்டும் தேர்வாகும், அப்படியே நிறத்தைக் கொடுத்துவிடலாம்.

நிறம் தானாக மாறிக்கொண்டே இருக்க வேண்டுமென்றால் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்தான் சரி. இஸ்ஃபார்முலா, இஸ்டெக்ஸ்ட், இஸ்நம்பர் ஆகிய சார்புகளை (ஃபங்ஷன்) விதிகளாகப் போட்டால் போதும். இஸ்ஃபார்முலா விதி மேலே இருக்கட்டும், அதற்கு ‘ஸ்டாப் இஃப் ட்ரூ’ குறியும் போடுங்கள். இந்தச் சார்பு எக்செல் 2013-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளில் கெட்.செல் என்ற பழைய மேக்ரோ சார்பை ஒரு பெயருக்குள் ஒளித்து வைத்துச் சமாளித்தோம்.

நாற்பது ஷீட், பத்துக் கோப்பு, மாதாமாதம் இதே வேலை என்றால் மேக்ரோ. வேறு ஷீட், வேறு கோப்பு என்று ஃபார்முலாவையே தரம் பிரிக்க வேண்டுமென்றாலும் மேக்ரோதான் வசதி.

எங்கே எழுதுவது? எப்படிச் சேமிப்பது?

ஆல்ட் + எஃப்11 தட்டினால் எடிட்டர் திறக்கும். அதில் ‘இன்சர்ட்’, ‘மாட்யூல்’. எழுதி முடித்தபின் ஷீட்டுக்குத் திரும்பி, ஆல்ட் + எஃப்8 தட்டி ஓட்டலாம். கோப்பை எக்ஸ்எல்எஸ்எம் வகையில் சேமிக்க வேண்டும், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பில் மேக்ரோ தங்காது. எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவாக வேண்டுமென்றால் ‘பெர்சனல்’ என்ற தனி மேக்ரோ கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் கோப்புக்குள் உங்கள் மேக்ரோவைத் திணிக்க வேண்டிய அவசியம் இராது.

மிகச் சுருக்கமான மேக்ரோ எது?

ஸ்பெஷல்செல்ஸ். எஃப்5 வழியாகக் கையால் செய்ததையே இது கட்டளையாகச் செய்கிறது. எந்த வகைச் செல் என்று ஒன்றும், அதில் எந்த மதிப்பு என்று ஒன்றும் கேட்கும். மதிப்புக்கு எண் 1, எழுத்து 2, ட்ரூ/ஃபால்ஸ் 4, பிழை 16. இவற்றைக் கூட்டியும் கொடுக்கலாம்: எண்ணும் எழுத்தும் சேர்ந்து வேண்டுமென்றால் 3. கான்ஸ்டன்ட் வகையில் 1 கேட்டு, கிடைத்த பகுதியின் ஃபாண்ட்.கலர் நீலம் என்றால் முடிந்தது. ஒரே வரி, லூப் இல்லை, வேகமும் அதிகம்.

ஆனால் இதில் மூன்று குழிகள் உண்டு. மூன்றிலும் நான் விழுந்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட செல்லே இல்லையென்றால் ‘இல்லை’ என்று அமைதியாகச் சொல்லாது, 1004 என்ற பிழையோடு நின்றுவிடும். அதனால் முன்னால் ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ போட வேண்டும், பின்னால் மறக்காமல் ‘ஆன் எரர் கோடூ 0’ போட்டு அதை மூட வேண்டும்.

அப்படிப் போட்டதும் இரண்டாவது குழி வரும். எண்களைப் பிடித்த அதே மாறியில் (வேரியபிள்) அடுத்து எழுத்துகளைப் பிடிக்கிறீர்கள், ஷீட்டில் எழுத்தே இல்லை என்று வைத்துக்கொள்வோம். பிழையை எக்செல் விழுங்கிவிடும், மாறியிலோ பழைய எண் செல்களே இருக்கும். எழுத்துக்கான நிறம் எண்கள் மேல் போய் விழும். ஒவ்வொரு முறையும் மாறியை ‘நத்திங்’ ஆக்கிவிட்டுத்தான் அடுத்ததைப் பிடிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் ரொம்பப் பொல்லாதது. ஒரே ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்து ஸ்பெஷல்செல்ஸை அழைத்தால், அது அந்தச் செல்லை மட்டும் பார்க்காது. ஷீட்டில் பயன்பட்ட பகுதி முழுவதையும் எடுத்துக்கொள்ளும். ஒரு செல்லைச் சோதிக்கப் போய் முழு ஷீட்டுக்கும் நிறம் அடித்துவிட்டு விழிக்க வேண்டியதுதான். தேர்வில் ஒரு செல் மட்டும் இருந்தால் வேறு வழியில் போகும்படி முதலிலேயே ஒரு ‘இஃப்’ வையுங்கள்.

ஒவ்வொரு செல்லாகப் பார்க்கும் மேக்ரோவை எப்படி அமைப்பது?

கேள்விகளை எந்த வரிசையில் கேட்கிறோம் என்பதுதான் இதில் எல்லாம். நான் கேட்கும் வரிசை இது.

முதலில், செல் காலியா? இஸ்எம்ப்டி சொல்லும். காலி என்றால் தாண்டிப் போ. அடுத்து, ஹேஸ்ஃபார்முலா உண்மையா? உண்மையென்றால் ஃபார்முலாவின் எழுத்தை எடுத்துப் பார். ஆச்சரியக்குறி இருந்தால் வேறு ஷீட். அதோடு சதுர அடைப்பும் இருந்தால் வேறு கோப்பு. சதுர அடைப்பை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, டேபிள் நெடுவரிசைப் பெயர்களும் அதே அடைப்புக்குள்தான் வரும். இரண்டும் இல்லையென்றால் சாதாரண ஃபார்முலா, கறுப்பு.

ஃபார்முலா இல்லையென்றால் டைப்நேம் என்ற சார்பிடம் செல்லின் வேல்யூவைக் கொடுங்கள். எண்ணுக்கு ‘டபுள்’, எழுத்துக்கு ‘ஸ்ட்ரிங்’, தேதிக்கு ‘டேட்’, ட்ரூ/ஃபால்ஸுக்கு ‘பூலியன்’, பிழைக்கு ‘எரர்’ என்று பதில் வரும். பண வடிவம் கொடுத்த எண்ணுக்கு மட்டும் ‘கரன்சி’ என்று வரும். அதை மறந்தால் அந்தச் செல்கள் நிறமில்லாமல் நிற்கும். 5 என்று தட்டினாலும் ‘இன்டீஜர்’ வராது, செல்லுக்குள் முழு எண் என்ற தனி வகையே கிடையாது.

செல் காலியா என்று வெற்று மேற்கோளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்தச் செல்லில் பிழை இருந்தால் மேக்ரோ 13-ஆம் எண் பிழையில், ‘டைப் மிஸ்மேட்ச்’ என்று நின்றுவிடும். ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் அதற்கு முன்னால் இஸ்எரர்.

எண்ணா என்று பார்க்க இஸ்நியூமெரிக் சார்பு போதாதா?

போதாது. அது ‘இது எண்ணா’ என்று பார்ப்பதில்லை, ‘இதை எண்ணாக மாற்ற முடியுமா’ என்று பார்க்கிறது. காலிச் செல்லுக்கும் ட்ரூ சொல்லும். எழுத்தாகச் சேமித்த 123-க்கும் ட்ரூ சொல்லும். 3இ4, 2டி5 என்பது போல நடுவில் ஆங்கில இ, டி எழுத்து வரும் பொருள் குறியீடுகளைக்கூட அடுக்கெண் என்று நினைத்துக்கொண்டு ட்ரூ சொல்லும்.

தேதிகள் சில நேரம் எண் நிறத்தில் வருகின்றன. ஏன்?

எக்செல்லைப் பொறுத்தவரை தேதியும் எண்தான். 1900 ஜனவரி 1 என்பது 1. 2024 ஜனவரி 1 என்பது 45292. தேதி வடிவம் கொடுத்திருப்பதால்தான் நம் கண்ணுக்குத் தேதியாகத் தெரிகிறது. வேல்யூ அந்த வடிவத்தையும் பார்த்து ‘டேட்’ என்று சொல்லும். வேல்யூ2 வடிவத்தைக் கண்டுகொள்ளாமல் வெறும் ‘டபுள்’ என்று சொல்லிவிடும். வேகத்துக்காக வேல்யூ2 எழுதியிருந்தால் தேதிகள் எல்லாம் எண்களோடு சேர்ந்துவிடும். (1900 லீப் ஆண்டு அல்ல, ஆனாலும் எக்செல் அந்த ஆண்டு பிப்ரவரி 29-ஐ ஏற்றுக்கொள்ளும். லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளோடு ஒத்துப்போவதற்காகத் தெரிந்தே வைத்துக்கொண்ட தப்பு அது.)

இதற்கு நேரெதிரான சிக்கலும் உண்டு: தேதியே இல்லாதது தேதியாக மாறிவிடுவது. மார்ச்1, செப்ட்1 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றி மாற்றி ஆய்வாளர்களைப் படுத்தி எடுத்தது. கடைசியில், மனித மரபணுக்களுக்குப் பெயர் முடிவு செய்யும் குழு, 2020-இல் வெளியிட்ட நெறிமுறையில் பெயர்களையே மாற்றிக்கொண்டது. மார்ச்1 மார்ச்எஃப்1 ஆனது, செப்ட்1 செப்டின்1 ஆனது. ஒரு நெடுவரிசை முழுக்க எழுத்து நிறத்தில் இருக்க, நடுவில் இரண்டு செல் தேதி நிறத்தில் நின்றால் இந்தக் கதைதான் என்று சந்தேகப்படுங்கள்.

எண் போலவே தெரிகிறது, மேக்ரோ எழுத்து என்கிறது. காலி போலத் தெரிகிறது, அதற்கும் நிறம் விழுகிறது.

மேக்ரோ சொல்வதுதான் சரி. முன்னால் ஒற்றை மேற்கோள் இருக்கலாம், டெக்ஸ்ட் வடிவம் கொடுத்தபின் தட்டியிருக்கலாம், இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியபோது 160 எண் கொண்ட உடையா இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். ட்ரிம் சார்பு இந்த 160-ஐ நீக்காது. சப்ஸ்டிட்யூட் போட்டுத்தான் நீக்க வேண்டும். இத்தகைய செல்களை சம் சார்பு சத்தமில்லாமல் விட்டுவிடும். ஆகவே நான் இவற்றுக்குத் தனி நிறமே வைத்திருக்கிறேன், ஆரஞ்சு: வகை ‘ஸ்ட்ரிங்’, ஆனால் இஸ்நியூமெரிக் ட்ரூ. மேலே திட்டிய இஸ்நியூமெரிக்குக்கு இங்கே வேலை கிடைக்கிறது. உடையா இடைவெளியை நீக்கிவிட்டுச் சோதியுங்கள்.

காலி போலத் தெரியும் செல்லில் வெற்று எழுத்தைத் திருப்பித் தரும் ஃபார்முலாவோ, ஒரே ஒரு ஸ்பேஸோ இருக்கும்.

ஃபார்முலாவுக்குள்ளேயே கையால் எழுதிய எண் இருந்தால்?

நல்ல கேள்வி, பலர் இதைக் கேட்பதில்லை. பி4-ஐ 1.15-ஆல் பெருக்கும் ஃபார்முலா, ஹேஸ்ஃபார்முலாவுக்கு நல்ல பிள்ளை. கறுப்பு நிறம் வாங்கிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். அந்த 1.15 எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. செல் முகவரியில் வரும் இலக்கத்துக்கு முன்னால் எழுத்தோ டாலர் குறியோ இருக்கும். கையால் எழுதிய எண்ணுக்கு முன்னால் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் குறியோ, அடைப்போ, காற்புள்ளியோ, சமக்குறியோ இருக்கும். ஃபார்முலாவில் உள்ள இடைவெளிகளை நீக்கிவிட்டு, ‘இந்தக் குறிகளில் ஒன்று, அடுத்து ஓர் இலக்கம்’ என்ற அமைப்பை லைக் ஒப்பீட்டால் தேடுங்கள். ரவுண்டில் வரும் 2, விலுக்கப்பில் வரும் 0 எல்லாம்கூட மாட்டும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஒரு பார்வையில் கழித்துவிட முடியும்.

இன்னொரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஃபார்முலாவை ஆர்1சி1 வடிவில் படித்தால் சி7, சி8 என்ற பெயர்கள் மறைந்து, ‘இதே வரிசையில் இரண்டு செல் இடப்பக்கம்’ என்ற மாதிரி வரும். கீழே இழுத்து நகலெடுத்த ஃபார்முலா என்றால் எல்லா வரிசையிலும் ஒரே வாசகம். மேல் செல்லின் வாசகத்தோடு ஒப்பிட்டு, மாறியிருக்கும் இடத்துக்கு மட்டும் பின்னணி நிறம் கொடுங்கள். ஆயிரம் வரிசையில் யாரோ ஒரு வரிசையில் மட்டும் ஃபார்முலாவைத் திருத்தி வைத்திருந்தால் அது இரண்டு கோடுகளாகத் தெரியும்: மாறிய இடம் ஒன்று, பழையபடி திரும்பிய இடம் ஒன்று.

மேக்ரோவில் தமிழ் எழுதினால் கேள்விக்குறிகளாக வருகிறதே?

எடிட்டர் யூனிகோடுக்கு முந்தைய காலத்தது. விண்டோஸில் அது பயன்படுத்தக்கூடிய பழைய வகைக் குறிப்பக்கம் (எழுத்துகளுக்கு எண் ஒதுக்கும் அட்டவணை) தமிழுக்கு இல்லாததால், எடிட்டருக்குள் தமிழ் நிற்காது. ‘மொத்தம்’ என்ற தலைப்பைத் தேட வேண்டுமென்றால் அந்தச் சொல்லை ஒரு செல்லில் எழுதி வைத்து, மேக்ரோவை அங்கிருந்து படிக்கச் சொல்லுங்கள். செல்லில் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்றிரண்டு எழுத்துதான் என்றால் சிஎச்ஆர்டபிள்யூ சார்பு போதும். 2965 கொடுத்தால் ‘க’ வரும்.

தமிழ் உள்ள செல்லையும் ஆங்கிலம் உள்ள செல்லையும் வேறு நிறத்தில் காட்டலாம். முதல் எழுத்தை ஏஎஸ்சிடபிள்யூ சார்பிடம் கொடுங்கள். 2944 முதல் 3071 வரை வந்தால் தமிழ்.

தட்டத் தட்ட நிறம் மாறும்படி செய்யலாமா?

செய்யலாம், ஷீட்டின் ‘சேஞ்ச்’ நிகழ்வில் எழுதினால் செல் மாறும்போதெல்லாம் தானாக ஓடும். நிறம் மாற்றுவது அந்த நிகழ்வை மறுபடி எழுப்பாது, எனவே முடிவில்லாச் சுழலுக்குப் பயப்பட வேண்டாம். இருந்தும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஷீட்டை மாற்றும் எந்த மேக்ரோ ஓடினாலும் அன்டூ பட்டியல் காலியாகிவிடும். அதாவது, ஒவ்வொரு முறை தட்டிய பிறகும் கன்ட்ரோல் + இசட் வேலை செய்யாது. ஷீட்டைப் பயன்படுத்துபவர் மாலைக்குள் உங்களைத் தேடி வருவார்.

அப்படியானால் போட்ட நிறத்தை எப்படி எடுப்பது?

பின்னணியை, அதாவது இன்டீரியரை ‘நன்’ ஆகவும், எழுத்தின் நிறத்தை ‘ஆட்டோமேட்டிக்’ ஆகவும் ஆக்கும் இன்னொரு மேக்ரோ எழுதலாம். ஆனால் கோப்பின் சொந்தக்காரர் முன்பே போட்டிருந்த நிறங்களும் சேர்ந்து போய்விடும். கோப்பின் நகலில் மட்டுமே ஓட்டுங்கள். இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

நீலம் கேட்டால் சிவப்பு வருகிறது.

இணையத்தில் கிடைக்கும் நிறக் குறியீடு சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் இருக்கும். எக்செல்லின் கலர் எண் அதைத் தலைகீழாக வைத்திருக்கிறது: சிவப்பு, அதோடு 256 மடங்கு பச்சை, அதோடு 65,536 மடங்கு நீலம். ஆர்ஜிபி சார்பில் மூன்று எண்களாகக் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. நிறமே மாறவில்லை என்றால் அந்தச் செல்லில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் இருக்கும், அது எப்போதும் மேலே நிற்கும்.

மேக்ரோ மணிக்கணக்கில் ஓடுகிறது.

முழு நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அதில் 10,48,576 செல்கள். தேர்வையும் யூஸ்டுரேஞ்சையும் (ஷீட்டில் பயன்பட்ட பகுதி) இன்டர்செக்ட் செய்து, இரண்டுக்கும் பொதுவான பகுதியில் மட்டும் சுழலுங்கள். ஸ்கிரீன்அப்டேட்டிங்கை ஃபால்ஸ் ஆக்குங்கள். ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியே நிறம் கொடுக்காமல், யூனியன் மூலம் ஒரே வகைச் செல்களைச் சேர்த்துக் கடைசியில் ஒருமுறை கொடுத்தால் இன்னும் வேகம்.

மின்னஞ்சலில் வந்த மேக்ரோ கோப்பு ஓட மறுக்கிறது.

2022 முதல், இணையம் வழியாக வந்த கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் இயல்பாகவே தடுக்கிறது. அனுப்பியவர் நம்பகமானவர் என்றால் மட்டும், கோப்பின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பக்கத்தில் ‘அன்பிளாக்’ குறியைப் போட்டுவிட்டுத் திறங்கள்.

லிப்ரே ஆபிஸிலும் கூகுள் ஷீட்ஸிலும்?

லிப்ரே ஆபிஸ் கால்க் பயன்படுத்துபவர்கள் கொடுத்து வைத்தவர்கள். கன்ட்ரோல் + எஃப்8 தட்டினால் எண் நீலம், ஃபார்முலா பச்சை, எழுத்து கறுப்பு. மறுபடி தட்டினால் பழையபடி. செல்லின் சொந்த நிறம் எதுவும் கெடாது. மேக்ரோதான் வேண்டுமென்றால் குவெரிகன்டென்ட்செல்ஸ் இருக்கிறது. எண் 1, தேதி 2, எழுத்து 4, ஃபார்முலா 16. தேதியைத் தனியாகவே கேட்க முடிவது எக்செல்லில் இல்லாத வசதி.

கூகுள் ஷீட்ஸில் மேக்ரோ எழுத ஆப்ஸ் ஸ்கிரிப்ட். கெட்ஃபார்முலாஸ், கெட்வேல்யூஸ் இரண்டையும் ஒருமுறை மட்டும் அழைத்து, நிறங்களை ஒரு பட்டியலாகத் தயாரித்து, செட்பேக்கிரவுண்ட்ஸால் ஒரே மூச்சில் கொடுங்கள். செல்லுக்குச் செல் அழைத்தால் பெரிய ஷீட்டில் 6 நிமிட வரம்பைத் தாண்டி பாதியில் நின்றுவிடும்.

நிறத்தை வைத்துக் கூட்டல் போட முடியுமா? நீலச் செல்களின் கூட்டுத்தொகை மட்டும் வேண்டும்.

அப்படியொரு சார்பை எழுதலாம், ஆனால் நிறம் மாறினால் எக்செல் மறுகணக்கு போடாது. நிறம் புதிதாக இருக்கும், கூட்டுத்தொகை பழையதாக இருக்கும். நீலம் என்பதற்கு இங்கே ‘கையால் தட்டிய எண்’ என்றுதானே பொருள்? பக்கத்து நெடுவரிசையில் இஸ்ஃபார்முலா போட்டு, அது ஃபால்ஸ் ஆன வரிசைகளை சம்இஃப் கொண்டு கூட்டிக்கொள்ளுங்கள்.